வாஞ்சூர் பங்க்கும் வாசல் பிளக்கும்

நாகப்பட்டினம், நாகூர் பக்கமிருந்து வடக்கே வரும் கார் வாஞ்சூரில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் காரியம், டேங்கை நிரப்புவது. தரங்கம்பாடி, பொறையார் வழியாக வருகிறவர்களுக்கு நண்டலாற்றைத் தாண்டியதும் பூவம். இரண்டு முனைகளிலும் எந்த நேரமும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பெட்ரோல், டீசல் மீது புதுச்சேரி வாங்கும் மதிப்புக் கூட்டு வரி குறைவு. 2025 ஜனவரியில் அதைக் கொஞ்சம் உயர்த்திய பிறகும் தமிழ்நாட்டு விலையோடு ஒப்பிட்டால் பெட்ரோல் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் மிச்சம். சரக்குக்கு வாஞ்சூர், பெட்ரோலுக்கும் வாஞ்சூர் என்று ஆகிப்போன டெல்டாவில், பெட்ரோலே வேண்டாம் என்கிற காரைப் பற்றிப் பேசினால் முதலில் கிடைப்பது சிரிப்புதான்.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். காரைக்கால் நகரம், திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம், நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி; அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சம். நெடுங்காட்டிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வரும் அரசு ஊழியர், பட்டினத்திலிருந்து கோட்டுச்சேரிப் பள்ளிக்குப் போகும் ஆசிரியை, திருவேட்டக்குடியில் இருக்கும் என்.ஐ.டி.க்கு நகரத்திலிருந்து போய்வரும் பேராசிரியர், யாருக்கும் ஒரு நாள் ஓட்டம் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்ட வழியில்லை. மேடு கிடையாது, மலை கிடையாது, வேகமாகப் போக இடமும் கிடையாது. மின்காருக்குச் சோதனைக்களம் ஒன்றை வரைந்து தரச் சொன்னால், ஒரு பொறியாளர் கிட்டத்தட்ட காரைக்காலைத்தான் வரைவார்.

அப்படியானால் 'தினசரி ஓட்டத்துக்கு மின்கார் ஆகுமா' என்ற கேள்விக்கு இங்கே ஆகும் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாமே? போக முடியாது. கார் வாங்குகிற மனிதர் தினசரி ஓட்டத்துக்காக மட்டும் கார் வாங்குவதில்லை. தினசரி ஓட்டத்துக்கு அவரிடம் ஏற்கெனவே ஸ்கூட்டர் இருக்கிறது. காரை அவர் வாங்குவது மழைக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சென்னைக்கு.

முதலில் தூரக் கணக்கு. டாடா நிறுவனம் 2022 செப்டம்பரில் 8.49 லட்ச ரூபாய்த் தொடக்க விலையில் டியாகோ மின்காரை அறிமுகம் செய்தபோது, 24 கிலோவாட்மணி பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று சொன்னது. ஒரு கிலோவாட்மணி என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான். அந்த 315 சோதனைக்கூடத்தில் உருளைகள் மீது, நிதானமான வேகத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு. சாலையில் அது சுமார் 200 என்று பின்னால் நிறுவனமே ஒப்புக்கொண்டு நடைமுறைக் கணக்கையும் சேர்த்துப் போட ஆரம்பித்தது நல்ல விஷயம். பெட்ரோல் காருக்கும் விளம்பர மைலேஜ் ஒன்று, ஓட்டுகிற மைலேஜ் வேறு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பங்க் எங்கும் இருப்பதால் அங்கே பொய்க்குத் தண்டனை இல்லை. மின்காரில் அந்த 115 கிலோமீட்டர் வித்தியாசம் நடுரோட்டில் நிற்பதா, வீடு போய்ச் சேர்வதா என்பதைத் தீர்மானிக்கிறது.

மின்கார் ஒன்றும் புதுச் சரக்கில்லை. 1993இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் உட்காரும் மின்கார் வந்தது. அதைச் செய்த எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் இயங்கியது. 2001இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. இரண்டுமே ஈய-அமில பேட்டரி. ரேவா ஒரு சார்ஜில் எண்பது கிலோமீட்டர் போகும். காரைக்காலின் தினசரித் தேவைக்கு அந்த எண்பதே போதும் என்பதுதான் வேடிக்கை. ஆனாலும் இரண்டும் இந்தியச் சாலையில் பெரிதாக நிலைக்கவில்லை. தூரம் மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

காரைக்கால்காரருக்குத் தலைநகரம் 135 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவும் இன்னொரு மாநிலத்தின் வழியாக. தலைமைச் செயலகம், பெரிய ஜிப்மர், எல்லாம் புதுச்சேரியில். ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி காரைக்காலுக்கே வந்துவிட்டாலும், சிக்கலான நோய் என்றால் வண்டி வடக்கே கிளம்பும். இல்லையென்றால் மேற்கே தஞ்சாவூர், 95 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் 150. சென்னை 300. சிறிய பேட்டரி மின்காரில் தஞ்சாவூர் போய்வருவது விளிம்பு. புதுச்சேரி ஒருவழி தாராளம், திரும்பி வர இடையில் சார்ஜ் வேண்டும். சென்னைக்கு ஒரு தடவையாவது, ஏசியோடு வேகமாகப் போனால் இரண்டு தடவை நிற்க வேண்டும்.

இதில் ஒரு முரண். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினம் வரும் சாலை நான்குவழியாக விரிந்துகொண்டிருக்கிறது. பெட்ரோல் காருக்கு அது வரம். மின்காருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அறுபதில் போகிற கார் நூறில் போனால் காற்றோடு மட்டும் அது போடும் சண்டை ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது. பெட்ரோல் எஞ்சின் எப்படியும் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிப்பதால் இந்தக் கூடுதல் செலவு அவ்வளவாக உறைப்பதில்லை. மின்காரில் உடனே தெரிகிறது: ஊருக்குள் 200 கொடுத்த டியாகோ, நான்குவழிச் சாலையில் 150 சுற்றில் வந்து நிற்கும். பழைய குண்டும் குழியுமான ஈ.சி.ஆர்.தான் பேட்டரிக்கு நல்ல நண்பனாக இருந்தது.

பெரிய பேட்டரி வாங்கினால் இந்தக் கவலை குறையும். 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்கார், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராவது, 51.4 கிலோவாட்மணி பேட்டரியோடு சாலையில் 350 அளவுக்கு ஓடும். மஹிந்திராவின் பிஇ 6 காரில் 79 கிலோவாட்மணி. ஆனால் அவை இருபது லட்சத்தைச் சுற்றியும் அதற்கு மேலும் போகிற வண்டிகள். 'சாதாரண ஓட்டுநர்' என்ற சொல்லுக்குள் அவற்றை அடக்குவது நேர்மையாகாது. காரைக்காலில் பெரும்பாலானவர்கள் கேட்பது பத்து லட்சத்துக்குள் என்ன கிடைக்கும் என்றுதான்.

வழியில் சார்ஜ் போடும் வசதி காகிதத்தில் கம்பீரமாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றது மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல். 2023 மார்ச்சில், நாடு முழுக்க 7,432 விரைவு சார்ஜர்கள் வைக்க மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதனால்தான் இப்போது பல பங்க்குகளின் ஓரத்தில், காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பீரோ உயரத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. இருப்பது ஒரு சார்ஜிங் துப்பாக்கி, அதில் ஏற்கெனவே ஒரு வண்டி. அல்லது திரை இருட்டு. அல்லது அந்த நிறுவனத்துக்கென்று தனி ஆப், அதில் முன்கூட்டியே பணம் போட வேண்டும், ஓ.டி.பி. வர சிக்னல் வேண்டும். மின்கார் ஓட்டுகிறவர்களின் போனில் நான்கைந்து சார்ஜர் ஆப்புகளாவது இருக்கும், ஒவ்வொன்றிலும் இருநூறு முந்நூறு ரூபாய் தூங்கும். பங்க்கில் பெட்ரோல் போட எந்த ஊரிலும் ஆப் கேட்டதில்லை.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால்கூட, டியாகோ வகை வண்டிக்குப் பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரம். சிதம்பரத்தில் சாப்பிட்டுவிட்டு நடராஜரையும் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அது சுற்றுலா. பக்கத்து இருக்கையில் டயாலிசிஸுக்குப் போகிறவர் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு பெயர்.

இனி வீட்டுக்கு வரலாம். மின்காரின் நிஜமான பங்க் அதுதான். உலகம் முழுக்க மின்கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சார்ஜ் போடுவது இரவில், வீட்டில்தான். தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஏசிக்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த சின்னக் காருக்கு எட்டு, ஒன்பது யூனிட். சுமார் மூன்று மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். வீட்டு இணைப்பிலிருந்தே காரை சார்ஜ் செய்துகொள்ள வழிகாட்டுதலும் அனுமதிக்கிறது.

ஆனால் அந்த பிளக் பாயின்ட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். காரோடு வரும் சார்ஜர் கேபிளின் நடுவில் செங்கல் அளவு ஒரு பெட்டி இருக்கும். அது முதலில் பார்ப்பது எர்த் இருக்கிறதா என்று. இல்லையென்றால் சிவப்பு விளக்கு. சார்ஜ் ஏறாது, எவ்வளவு கெஞ்சினாலும். டெல்டாவின் பழைய வீடுகளில் மூன்றாவது துளை பல இடங்களில் வெறும் அலங்காரம்: கம்பி சுவருக்குள் எங்கோ முடிந்திருக்கும், அல்லது தோட்டத்தில் புதைத்த குழாய் உப்புக்காற்றில் துருப்பிடித்து எப்போதோ போயிருக்கும். இத்தனை நாள் மிக்சியும் ஃபிரிட்ஜும் அதை மன்னித்துக்கொண்டிருந்தன. கார் மன்னிக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கி, மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, அதற்கொரு எம்.சி.பி. வைத்தால்தான் ஆகும். மூன்று கிலோவாட் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடும் சுமை என்பது இஸ்திரிப் பெட்டி ஓடுவதைப் போன்றதல்ல. மலிவான சாக்கெட் இளகி உருகும். கோடையில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கினால் சார்ஜ் பாதியில் நின்றுவிடவும் செய்யும்.

இதெல்லாம் சொந்த வீடும் ஷெட்டும் இருப்பவர்களுக்கு ஒரு நாள் வேலை. இல்லாதவர்கள்? காரைக்கால் நகரத்தின் பழைய வீதிகளில் வீட்டு வாசல் நேராகத் தெருவில் திறக்கிறது. தூணும் முற்றமும் இருக்கிற வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது; கார் ராத்திரி தெருவில்தான் நிற்கும். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து நடைபாதைக்குக் குறுக்கே விட முடியுமா? வாடகை வீட்டுக்காரர் சுவரை உடைத்து ஒயர் இழுக்க வீட்டு உரிமையாளர் சம்மதிப்பாரா? கரண்ட் பில்லை யார் பேரில் எப்படிப் பிரிப்பது? மின்கார் நடைமுறைக்கு ஆகுமா என்று வண்டியின் தரவுத்தாளைப் புரட்டுகிறவர்கள், முதலில் தங்கள் வாசலைப் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரே சம்பளம், ஒரே ஓட்டம், ஒரே கார். திருநள்ளாறு சாலையில் புதுமனை கட்டியவருக்கு ஆகும், பாரதியார் வீதிப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு ஆகாது.

பணக் கணக்குக்கு வந்தால், வாஞ்சூர் பங்க்கின் கவர்ச்சி கொஞ்சம் மங்கும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் சின்ன பெட்ரோல் கார், காரைக்கால் விலை 96 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 30 காசு. எல்லைக்கு அப்பால் 101 ரூபாயில் போட்டால் 5 ரூபாய் 60 காசு. ஆக, வரிசையில் நின்று வாங்கும் அந்த மலிவு கிலோமீட்டருக்கு முப்பது காசுக்கும் கீழே. மின்காருக்கு, சார்ஜில் வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று நிதானமாகவே போடலாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் 165 யூனிட்டுக்கு மேல். ஏற்கெனவே இருநூறு யூனிட் ஓடும் வீட்டில் இது மேல் அடுக்குக்குப் போய்விடும். யூனிட் ஏழரை ரூபாய் என்று வைத்தால்கூடக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். முப்பது காசு மிச்சத்துக்காகச் சுற்றி வருகிறவர், நான்கு ரூபாய் மிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது மனித சுபாவம்.

ஆனால் அந்த நான்கு ரூபாயும் உடனே கைக்கு வருவதில்லை. ஒத்த பெட்ரோல் காரைவிட மின்கார் இரண்டரை, மூன்று லட்சம் கூடுதல். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மாதம் நாலாயிரம் மிச்சம். மூன்று லட்சத்தைத் திரும்ப எடுக்க ஆறு வருஷத்துக்கு மேல். மாதம் ஐந்நூறுதான் ஓடும் என்றால் பன்னிரண்டு வருஷம், அதற்குள் பேட்டரி உத்தரவாதமே முடிந்துவிடும். மாதம் 2,500 ஓட்டினால் இரண்டரை வருஷம். எஞ்சின் ஆயில், கிளட்ச், பெல்ட் செலவு இல்லை என்பது உண்மை. இன்ஷூரன்ஸ் கொஞ்சம் கூடுதல் என்பதும் உண்மை. இங்கேதான் காரைக்காலின் வரைபடம் தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஊர் சின்னதாக இருப்பது பேட்டரிக்கு வசதி, பர்ஸுக்கு இடைஞ்சல். ஓட்டம் குறைந்தால் மிச்சமும் குறையும்.

அரசு வரிக் கொள்கையும் இந்த இடைவெளியை ஆட்டிப்பார்க்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம்தான். மின்வண்டிக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கொடுத்த வருமான வரிக் கழிவு, 2023 மார்ச்சுக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு இல்லை. தனியார் காருக்கு மத்திய மானியமும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் அதற்குப் பங்கு கிடையாது. 2025 செப்டம்பர் 22இல் சின்ன பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆக இறங்கியதும் நிலைமை இன்னும் சுவாரசியமானது: மின்கார் விலை அப்படியே நிற்க, பக்கத்தில் நின்ற பெட்ரோல் கார் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கீழே போனது. பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டம் இதற்கு ஒரு மாற்று. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்சர் 9.99 லட்சத்துக்கு, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று ஆரம்பித்தது. அந்த மூன்றரையோடு கரண்டையும் கூட்டினால் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது; வாங்குவது சுலபமாகிறது, மிச்சம் கரைந்துவிடுகிறது.

கணக்கை உண்மையிலேயே புரட்டிப்போடுவது மொட்டைமாடி. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் சோலார் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அந்த அளவுத் தகடு டெல்டா வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரை தரும், அதாவது மாதம் 350க்குப் பக்கத்தில். காருக்கும் போதும், வீட்டுக்கும் பெரும்பாலும் போதும். மொட்டைமாடி யாருக்கு இருக்கிறது என்றால், மறுபடியும் சொந்த வீட்டுக்காரருக்குத்தான்.

'இதனால் காற்று சுத்தமாகுமா' என்று கேட்பவர்களுக்குக் காரைக்காலிலேயே ஒரு விடை இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின்உற்பத்திக் கழகத்தின் 32.5 மெகாவாட் நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. எரிப்பது காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் எடுக்கும் இயற்கை எரிவாயு. மீதி மின்சாரம் நெய்வேலி, மத்திய அனல், அணு நிலையங்களிலிருந்து வருகிறது. ஆக, காரைக்கால் மின்காரும் ஒருவகையில் நரிமணத்து வாயுவிலும் நெய்வேலி நிலக்கரியிலும்தான் ஓடுகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 120 கிராமை ஒட்டி. பெட்ரோல் காரின் புகைக்குழாயில் வருவது 130 கிராம் சொச்சம். பெட்ரோலைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் கணக்கு அதற்கு மேல். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் விளம்பரத்துப் பச்சை இலை அளவுக்கு இல்லை. தெருவில் புகையும் சத்தமும் இல்லாதது மட்டும் முழு லாபம்.

டெல்டாக்காரர் மனதில் இதற்கெல்லாம் முன்னால் வந்து நிற்பது கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய அந்தப் புயலில் டெல்டா முழுக்க லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. புயல் இல்லாமலும் கரண்ட் போகும்: புதுச்சேரி மின்துறையைத் தனியாரிடம் கொடுக்கும் முடிவை எதிர்த்து 2022 செப்டம்பர் கடைசியில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே இருட்டில் கிடந்தது. அப்படி ஒரு நாளில் காரும் கரண்டை நம்பினால் என்ன ஆவது?

இதற்கு இலங்கை ஒரு பாடம் வைத்திருக்கிறது, அதுவும் இரண்டு முகத்தோடு. 2022இல் அங்கே பெட்ரோல் வறண்டு, கியூ.ஆர். அட்டைக்கு வாரப் பங்கீடு என்று வந்தபோது மின்கார் வைத்திருந்தவர்கள் வரிசையில் நிற்காமல் போனார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச் கடைசியில் அங்கே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டும் இருந்தது. கஜா சமயத்தில் பெட்ரோல் பங்க்கும் ஜெனரேட்டர் போட்டால்தான் ஓடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: புதிய மின்கார்கள் சிலவற்றில் பேட்டரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கும் வசதி வந்துவிட்டது. நாற்பது கிலோவாட்மணி பேட்டரி நிறைந்திருந்தால் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும் வீட்டுக்கு ஐந்தாறு நாள் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதுபோல் காரையும் நிரப்பிவைக்கிற பழக்கம் வந்தால், இன்வெர்ட்டர் கடைக்காரர்கள்தான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

பேட்டரி ஆயுளுக்கும் இலங்கையே உதாரணம். 2015ஐ ஒட்டி அங்கே வரி குறைந்தபோது ஜப்பானிலிருந்து பழைய நிஸான் லீஃப் கார்கள் இறங்கின. அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது, காற்றுதான். வெப்ப நாட்டில் அது சீக்கிரம் தளர்ந்து, ஓடும் தூரம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. 'மின்கார் என்றால் பேட்டரி போய்விடும்' என்ற பேச்சு கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைத்தது அப்போதுதான். இன்று இந்தியாவில் விற்கும் மின்கார்களில் பெரும்பாலும் திரவக் குளிர்ச்சி இருக்கிறது, இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி இருக்கிறது. எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்பது சாதாரண உத்தரவாதம் ஆகிவிட்டது. உலகச் சந்தையில் பேட்டரி விலை 2010இல் கிலோவாட்மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் 115 டாலர். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்த கோரம் இன்னும் மறக்கப்படவில்லை. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. இரும்பு பாஸ்பேட் வகை தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. காரைக்காலுக்கு நார்வேயின் குளிர் இல்லை என்பது இன்னொரு சாதகம். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார், பனியில் தூரம் குறைகிற கஷ்டத்தோடும்.

காரைக்காலில் இந்தப் பேச்சுக்குப் பிரான்ஸ் வழியாக ஒரு கிளைக்கதை உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அங்கே ரெனோ ஸோயி ஓட்டுவதாகவோ டேசியா ஸ்பிரிங் வாங்கப்போவதாகவோ சொல்வார்கள். அந்த டேசியா ஸ்பிரிங் யார் தெரியுமா? சென்னை ஒரகடத்தில் ரெனோ தயாரிக்கும் க்விட் காரின் மின் அவதாரம். சீனாவில் செய்து 2021லிருந்து ஐரோப்பாவில் விற்கிறார்கள். ஒரகடத்துக்காரர்களுக்கும் காரைக்கால்காரர்களுக்கும் 2025 வரை அது விற்பனைக்கு வரவில்லை. பத்து லட்சத்துக்குள் மின்கார் ஏன் இரண்டு மூன்றோடு நிற்கிறது என்ற கேள்விக்கு, தொழில்நுட்பம் இல்லை என்ற பதில் செல்லாது.

ரிப்பேர் விஷயம் லேசானதல்ல. பானட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் ஓடும். முந்நூறு வோல்ட்டுக்கு மேல். தெருமுனை மெக்கானிக் அதைத் தொடக் கூடாது, தொடவும் மாட்டார். பயிற்சி பெற்றவர் இருக்கும் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லையென்றால் வண்டியை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். கடைமடை ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் வண்டி விடுவது சகஜம். பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தில் மூடப்பட்டது. ஆனால் ராத்திரி முழுக்க வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அந்தச் சான்றிதழ் பொருந்தாது. கைமாற்றி விற்கும்போதும் நிச்சயம் இல்லை. பழைய மாருதியை எஞ்சின் சத்தத்தை வைத்தே மதிப்பிடும் புரோக்கருக்கு, பழைய மின்காரின் பேட்டரியை எப்படி எடைபோடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. அதனால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கிறார். இரண்டு மூன்று வருஷம் ஓடிய, உத்தரவாதம் பாக்கியிருக்கிற மின்காரை வாங்குகிறவருக்கு அதுவே லாபம்: கூடுதல் மூன்று லட்சத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே கட்டிவிட்டார்.

ஆக, இன்றைய நிலையில் மின்கார் யாருக்கு ஆகும் என்பதைத் தயங்காமல் சொல்லலாம். சொந்த வாசல், ஒழுங்கான எர்த், மாதம் ஆயிரத்துக்குக் குறையாத ஓட்டம், தூரப் பயணத்துக்கு வீட்டில் இன்னொரு வண்டியோ வாடகை வண்டியோ இருக்கிற குடும்பம். இவர்கள் பெட்ரோல் கார் வாங்குவதுதான் இப்போது விளக்கம் சொல்ல வேண்டிய காரியம். ஒரே கார், அதுவும் தெருவில் நிற்பது, மாதம் இரண்டு முறை சென்னை என்றால் இன்னும் சில வருஷம் பொறுக்கலாம்.

நடுவில் நிற்பவர்கள் திருநள்ளாறு டாக்ஸிக்காரர்கள். நாளுக்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுவதால் மிச்சக் கணக்கு இவர்களுக்குத்தான் நன்றாக வரும். ஆனால் கும்பகோணம் நவக்கிரகச் சுற்று முடிந்ததும் அப்படியே திருச்சியில் விடச் சொல்லும் சவாரியை இவர்களால் தட்ட முடியாது. இவர்கள் சி.என்.ஜி. பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. இவர்களுக்கும், வெளியூரிலிருந்து மின்காரில் வருகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு காரியம் செய்யலாம், பெரிய செலவும் இல்லை. சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கோயிலுக்கு வரும் கார், நளதீர்த்தக் குளியல், வரிசை, தரிசனம், சாப்பாடு எல்லாம் முடியும் வரை மூன்று நான்கு மணி நேரம் சும்மா நிற்கிறது. அதற்கு விரைவு சார்ஜர் தேவையே இல்லை. வாகன நிறுத்தத்தில் ஒழுங்கான எர்த் உள்ள 16 ஆம்பியர் முனைகள், ஒவ்வொன்றுக்கும் சின்ன மீட்டர், வெயிலுக்குக் கூரை போட்டு அதன் மேல் சோலார். நான்கு மணி நேரத்தில் பத்து யூனிட் ஏறினாலும் அறுபது கிலோமீட்டர். கும்பகோணம் வரை கவலையில்லாமல் போகலாம். நெடுஞ்சாலையில் வைக்கும் ஒரு விரைவு சார்ஜருக்கும் அதன் டிரான்ஸ்பார்மருக்கும் ஆகிற பணத்தில் இப்படிப் பல டஜன் முனைகள் வைத்துவிடலாம். எல்லையில் வரியைக் குறைத்துத் தமிழ்நாட்டு வண்டிகளை பங்க்குக்கு இழுத்த நிர்வாகத்துக்கு, யூனிட் விலையைக் குறைத்து அதே வண்டிகளை இங்கே நிறுத்தவைக்கும் வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.